கத்தியைக் கீழே வைத்த மருத்துவர்

விலங்கியல் பயில்வோருக்குக் கொன்ராட் லோரன்ஸ் என்ற பெயர் புதியதன்று. முட்டையினின்று வெளிவந்த காட்டு வாத்துக் குஞ்சுகள், முதலில் தாம் கண்ட அவரையே தாயென்று கருதி, அவர் பின்னே வரிசையாக நடந்து செல்லும் படத்தைப் பார்க்காத மாணவர் இரார். 1973-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் அவரும் ஒருவர். அவரைப் பற்றி ஒரு கட்டுரை தருவதாகத்தான் நம் மலரின் ஆசிரியர் குழுவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்று, என் கருத்தை மகனிடமிருந்து தந்தையிடம் திருப்பிவிட்டது. ஆதலால் இக்கட்டுரை கொன்ராடின் தந்தையார் டாக்டர் அடால்ப் லோரன்ஸ் அவர்களைப் பற்றியது.

என் அக்காவுக்குத் தலைப்பிள்ளை பெண்ணாகப் பிறந்தது. மறுநாள் காலை குழந்தையைப் பார்க்க வந்த மருத்துவ அம்மையார், அதன் தொடைகளை மெல்ல மடக்கிப் பக்கவாட்டில் அகற்றிப் பார்த்தார். இடப்பக்கம் வந்ததும் சற்றே நின்றார். மறுபடியும் செய்து பார்த்தார். பிறகு, குடும்பத்தில் சிறு வயது முதல் காலைத் தாங்கித் தாங்கி நடப்பவர் எவரேனும் உண்டா என்று வினவினார். இல்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். சிறிது நேரங்கழித்து என் தந்தையார் மட்டும் தாழ்ந்த குரலில் தம் தமக்கையைக் குறிப்பிட்டார்.

எங்கள் அத்தை! பேறுகாலத்துக்கு உதவியாக ஊரிலிருந்து வந்து, அந்த அறையிலேயேதான் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதை நெருங்கும் அவர் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பதை நாங்கள் பிறந்தது முதல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது அத்தையின் நடை என்று நினைத்தோமேயன்றி, அது ஒரு நோய், அதற்கொரு பெயர் உண்டு, காலத்தே செய்தால் மருத்துவமும் உண்டு என்று எங்களுள் எவரும் நினைத்ததே இல்லை. அந்த நோயோடு தம் வாழ்நாளெல்லாம் போராடியவர்தாம் அடால்ப் லோரன்ஸ்.

ஆட்டுக்கல்லும் குழவியும்

நோயை முதலில் விளக்கிவிடுகிறேன். நம் வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லின் குழியில் குழவி அமர்ந்திருப்பதுபோல, இடுப்பெலும்பில் உள்ள குழியில் தொடையெலும்பின் உருண்டையான தலை அமர்ந்திருக்கிறது. சில குழந்தைகளுக்கு இந்தக் குழி போதிய ஆழமின்றி இருக்கும், தசைநாரும் தளர்ந்திருக்கும். அப்போது தலை குழியில் நிலைக்காமல் நழுவி, மேலேறி, வெளியே நின்றுவிடுகிறது. ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கும், தலைக்கு மாறாகப் புட்டம் முன்வந்து பிறக்கும் குழந்தைகளுக்கும், குடும்பத்தில் முன்னரே இந்நோய் உள்ள குழந்தைகளுக்கும் இது மிகுதியாக வருகிறது.

கைக்குழந்தைக்கு இதனால் வலி இல்லை, அழுவதில்லை, பால் குடிக்கிறது, சிரிக்கிறது. ஆகவே எவருக்கும் தெரிவதில்லை. நடக்கத் தொடங்கும்போதுதான் ஒரு கால் குட்டையாக இருப்பதும், நடை சாய்வதும் கண்ணுக்குப் படுகின்றன. அதற்குள் வெளியேறிய தலையைச் சுற்றித் தசைகள் இறுகிவிடுகின்றன. வயது ஏற ஏற மூட்டுத் தேய்ந்து வலியும் வந்து சேர்கிறது.

பண்டைக் கிரேக்க மருத்துவர் இப்போக்ரட்டீசு காலத்திலேயே இந்நோய் அறியப்பட்டிருந்தது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் டுப்யூத்ரேன் 1826-இல் இதனை விரிவாக விளக்கினார். ஆனால் தீர்க்க வழியில்லை என்றே கருதினார். லியோன் நகரத்துப் பிரவாஸ் என்பவர் குழந்தைகளைப் பல மாதங்கள் படுக்கையில் கிடத்திக் காலை இழுத்துக் கட்டிச் சிலருக்கு நலம் கண்டதாக 1847-இல் எழுதினார். பெரும்பாலான மருத்துவர்கள் அதை நம்பவில்லை. நொண்டிய குழந்தை நொண்டியாகவே வளர்ந்தது.

ஒற்றைக் கையுறை

அடால்ப் லோரன்ஸ் 1854-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் வைடனாவ் என்ற சிற்றூரில் பிறந்தார். அன்று ஆஸ்திரியப் பேரரசின் சிலேசிய மாநிலத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், இன்று செக் நாட்டில் வித்னவா என்னும் பெயரோடு உள்ளது. தந்தையார் குதிரைச் சேணம் தைப்பவர், வறுமையான குடும்பம்.

சிறுவனாக இருந்தபோது அடால்புக்குக் கையுறை ஒன்று கிடைத்தது. மகிழ்ச்சியோடு அதைத் தாயிடம் கொண்டுபோய்க் காட்டினான். இன்னொன்றையும் அவனே தேடிக் கண்டுபிடிக்கவேண்டும் என்று தாய் சொல்லிவிட்டாள். இந்நிகழ்ச்சி அவர் நெஞ்சைவிட்டு அகலவே இல்லை. 82 வயதில், 1936-ஆம் ஆண்டில், தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, காணாமற்போன கையுறையைத் தேடுதல் என்ற பொருள்படவே அதன் துணைத் தலைப்பை அமைத்தார். கிடைத்த பாதியோடு நின்றுவிடாமல் மறு பாதியைத் தேடுவதே தம் வாழ்க்கை என்று அவர் எண்ணினார் போலும்.

துறவியாயிருந்த மாமன் ஒருவரின் உதவியால் செயின்ட் பால் மடத்துப் பள்ளியில் படித்தார். பின்னர் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1880-இல் பட்டம் பெற்றார். அக்காலத்து வியன்னா மருத்துவ உலகின் தலைநகரங்களுள் ஒன்று. அங்கே பெரும் புகழ் பெற்றிருந்த அறுவை மருத்துவப் பேராசிரியர் எட்வர்டு ஆல்பர்ட், லோரன்சைத் தம் உதவியாளராக ஏற்றுக்கொண்டார். ஏழை இளைஞனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எதிர்காலம் ஒளிமயமாகத் தெரிந்தது.

கையைக் கெடுத்த மருந்து

அப்போதுதான் இடி விழுந்தது. நுண்கிருமிகளை அழிப்பதற்காகக் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தும் முறையை ஆங்கில மருத்துவர் லிஸ்டர் புகுத்தியிருந்த காலம் அது. அறுவை செய்பவர் தம் கைகளையும் கருவிகளையும் அந்த நீரில் நனைத்தே பணிபுரிய வேண்டும். லோரன்சின் தோலுக்கு அம்மருந்து ஆகவில்லை. கைகள் சிவந்து வெடித்துப் புண்ணாயின. ஆறும், மறுபடி நனைத்தால் மறுபடி வெடிக்கும். அறுவை மருத்துவனுக்குக் கைதானே முதல்? அந்தக் கையே பயனற்றுப் போனால் என் செய்வது?

தொழிலையே விட்டுவிடலாமா என்ற நிலைக்கு வந்துவிட்ட அவருக்கு ஆல்பர்ட் ஒரு வழி காட்டினார். ஈரத்தில் செய்யும் அறுவை ஒத்துவராவிட்டால், உலர்ந்த கையால் செய்யும் மருத்துவத்தை முயன்று பார்க்கலாமே என்பது அவர் அறிவுரை. கத்தியின்றிக் கைத்திறத்தாலும் கட்டுகளாலும் கோணிய பாதம், வளைந்த முதுகு முதலியவற்றைச் சீர்ப்படுத்தும் துறையே அவர் குறிப்பிட்டது. அந்நாளில் அதற்குப் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல்தான் லோரன்ஸ் அதில் இறங்கினார். இறங்கிய பின்பு அதன் ஆழத்தைக் கண்டார். பிறவியிலேயே உள்நோக்கித் திரும்பிய பாதங்களைக் கையாலேயே பிசைந்து வளைத்து மாவுக்கட்டிடுவதில் அவர் வல்லவரானார்.

கத்தியிலிருந்து கைக்கு

இடுப்பு நழுவிய குழந்தைகளும் அவரிடம் வந்தனர். 1890-இல் வுர்ட்ஸ்புர்க் நகரத்து ஆல்பர்ட் ஹோபா என்ற மருத்துவர் மூட்டைத் திறந்து, குழியைக் குடைந்து ஆழமாக்கி, தலையை உள்ளே வைக்கும் அறுவையைத் தொடங்கியிருந்தார். லோரன்ஸ் அம்முறையைத் திருத்தித் தாமும் பல குழந்தைகளுக்குச் செய்தார். தலை குழிக்குள் போயிற்று. ஆனால் பல மூட்டுகள் விறைத்து அசைவற்றுப் போயின. சீழ்ப்பிடித்து உயிருக்கே ஊறு நேர்ந்ததும் உண்டு. சாய்ந்தாவது நடந்த குழந்தை, அறுவைக்குப்பின் மடங்காத காலோடு நிற்பதைக் கண்டு அவர் மனம் அமைதியுறவில்லை.

இத்தாலியின் பீசா நகரத்து அகஸ்தீனோ பாச்சி என்பவர் 1880-களின் இறுதியில், கத்தி வைக்காமலேயே தலையை அதன் இடத்துக்கு அருகே கொண்டுவரும் முறை ஒன்றை வெளியிட்டிருந்தார். லோரன்சும் அவ்வழியில் முயன்று, 1895-ஐ ஒட்டித் தம் முறையை வகுத்தார். முதலில் செய்தவர் யார் என்பதில் பின்னாளில் இத்தாலியர்க்கும் அவருக்கும் வழக்கு மூண்டது. பாச்சி வழி காட்டினார் என்பதையும், லோரன்ஸ் அதை ஒழுங்கான ஒரு மருத்துவ முறையாக்கினார் என்பதையும் நாம் ஒப்புக்கொண்டால் போதும்.

அம்முறை இதுதான். குழந்தையைக் குளோரோபாரம் கொடுத்து மயங்கச் செய்வார். இறுகிப்போன உள்தொடைத் தசையைக் கைவிளிம்பாலும் பெருவிரலாலும் பிசைந்து பிசைந்து தளர்த்துவார். பின்பு காலை வலிந்து இழுத்து, தொடையை மடக்கி, வெளிப்புறம் அகற்றி நெம்புவார். எலும்பின் தலை குழியின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். விழும்போது எழும் ஒலி அறையில் நிற்பவர் காதுக்கும் கேட்கும். உடனே, இரு தொடைகளும் தவளையின் கால்கள்போல் பக்கவாட்டில் விரிந்திருக்கும் நிலையில் மாவுக்கட்டிட்டு, மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பார்.

அந்தக் கட்டோடேயே குழந்தையை நடக்கவும் தூண்டினார். குழவி சுழலச் சுழலத்தானே ஆட்டுக்கல்லின் குழி வழவழப்பாகிறது? அதுபோல உடலின் பாரம் தலையின்மேல் விழுந்து அழுத்த அழுத்த, ஆழமற்ற குழியும் நாளடைவில் ஆழமாகும் என்பது அவர் கொள்கை. தக்க இடத்தில் தலை இருந்தால்தான் குழி வளரும் என்ற அடிப்படை இன்றும் மாறவில்லை.

1895-இல்தான் ரோண்ட்கன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். கையால் செய்த வேலை சரியா, தவறா என்பதை உடலைத் திறக்காமலேயே பார்க்க மருத்துவர்க்கு ஒரு கண் கிடைத்தது. அந்தக் கண் முதலில் லோரன்சின் புகழைப் பெருக்கியது. பின்னர் அதுவே அவர் முறையின் குறையையும் காட்டிக்கொடுத்தது.

கடல் கடந்த புகழ்

1902-ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. சிகாகோ நகரத்தில் இறைச்சி வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஓக்டன் ஆர்மரின் சிறு மகள் லொலிட்டாவுக்கு இடுப்பு நழுவியிருந்தது. லோரன்ஸ் கப்பலேறிச் சென்று அக்குழந்தைக்கு மருத்துவம் செய்தார். அதற்குப் பெருந்தொகை பெற்றார். செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக வெளியிட, ஏழைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு கூட்டங்கூட்டமாக வந்தனர். லோரன்ஸ் நகரம் நகரமாகச் சென்று, மருத்துவர்கள் சுற்றி நின்று பார்க்க, காசு வாங்காமல் அக்குழந்தைகளுக்குச் செய்துகாட்டினார். குருதி சிந்தாத அறுவை மருத்துவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

வியன்னாவுக்கு அருகே டான்யூப் ஆற்றங்கரையில் ஆல்டன்பர்க் என்ற ஊரில் பெரிய மாளிகை ஒன்றை எழுப்பினார். அவர் துணைவியார் எம்மா அம்மையார் கணவரின் மருத்துவப் பணியிலும் துணை நின்றவர். மூத்த மகன் ஆல்பர்ட் தந்தையின் துறையிலேயே மருத்துவரானார். 1903-இல், தந்தைக்கு 49 வயதானபோது, இளைய மகன் கொன்ராட் பிறந்தார். அம்மாளிகையையும் தோட்டத்தையும் அவர் வாத்துகளாலும் பறவைகளாலும் மீன்களாலும் நிறைத்தார். மகன் மருத்துவம் படிக்கவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனும் 1928-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பெற்ற பின்பு தம் வாத்துகளிடமே திரும்பிவிட்டார்!

படத்தில் தெரிந்த குறை

நண்பர்களே! பெரியோர் வரலாற்றை எழுதும்போது புகழோடு நிறுத்திவிடுவது வழக்கம். அறிவியல் மாணவன் ஒருவன் அவ்வாறு நிறுத்துவது முறையாகாது.

லோரன்சின் முறையை உலகெங்கும் கற்றுக்கொண்டனர். அவர் கையின் பக்குவம் எல்லோர் கைக்கும் வரவில்லை. நெம்பிய வேகத்தில் எலும்பு முறிந்ததுண்டு; நரம்பு நைந்து கால் செயலிழந்ததுண்டு. இவை உடனே தெரிந்த தீமைகள். உடனே தெரியாத தீமை வேறொன்று. வளரும் குழந்தையின் தொடையெலும்புத் தலைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்கள் மிக மெல்லியவை. தொடையை வலிந்து தொண்ணூறு பாகை அளவுக்கு அகற்றி மாதக்கணக்கில் கட்டிவைத்தால், அக்குழாய்கள் நெரிபடுகின்றன. குருதி கிடைக்காத தலை சிதைந்து, தட்டையாகி, உருக்குலைகிறது. குழந்தை நன்றாக நடக்கிறது என்று எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருக்க, சில ஆண்டுகள் கழித்து எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் வேறு கதை சொல்லிற்று. குருதி வெளியே சிந்தவில்லை என்பது மெய்யே; உள்ளே போய்ச் சேரவேண்டிய குருதி போய்ச் சேரவில்லை!

இதனால் லோரன்சின் உழைப்பு வீணாயிற்று என்று கொள்ளலாகாது. தீராது என்று கைவிடப்பட்டிருந்த நோயைத் தீர்க்கலாம் என உலகை நம்பவைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். வயது குறையக் குறையப் பயன் மிகும், ஆண்டுகள் கடந்தால் அவர் முறையும் பயன்படாது என்பதையும் அவருடைய அனுபவமே காட்டிற்று. அவர் கண்டது ஒரு கையுறை. மற்றொன்றை அவருக்குப் பின் வந்தோர் தேடினர்.

இத்தாலியின் பெர்ராரா நகரத்துக் குழந்தை மருத்துவர் மரீனோ ஒர்த்தொலானி, பச்சிளங்குழந்தையின் தொடையை மெல்ல அகற்றும்போது நழுவிய தலை உள்ளே புகும் சிறு அதிர்வை விரலாலேயே உணரலாம் என்று 1937-இல் எழுதினார். எங்கள் வீட்டுக் குழந்தைக்கு அந்த அம்மையார் செய்து பார்த்தது இச்சோதனையே. செக் நாட்டு மருத்துவர் அர்னால்ட் பாவ்லிக், தலையைச் சிதைக்கும் இறுகிய கட்டுகளை வெறுத்து, 1940-களில் வார்ப்பட்டைகளாலான ஓர் எளிய கவசத்தை அமைத்தார். அது குழந்தையின் கால்களை மடக்கி வைக்கிறது. ஆனால் உதைத்து விளையாடத் தடை செய்வதில்லை. உதைப்பினாலேயே தலை தன் இடத்தில் அமர்கிறது. முதல் ஆறு மாதத்துக்குள் கண்டுகொண்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே போதும்.

அந்தக் காலம் கடந்துவிட்டால், மயக்க மருந்து கொடுத்துக் கையால் தலையைப் பொருத்துகிறார்கள். இது லோரன்சின் வழிதான். ஆனால் வலிந்து செய்வதில்லை. தசை இறுகியிருந்தால் கிழிக்காமல் அதன் நாணைச் சிறிது வெட்டித் தளர்த்துகிறார்கள். தொடையை முழுதும் விரிக்காமல் அளவோடு அகற்றிக் கட்டுப்போடுகிறார்கள். அதற்கும் இணங்காவிட்டால், அல்லது குழந்தைக்கு ஒன்றரை வயது கடந்துவிட்டால், மூட்டைத் திறந்து தடைகளை நீக்கித் தலையை அமர்த்துகிறார்கள். குழியின் கூரை சரிந்திருந்தால் இடுப்பெலும்பை அறுத்துத் திருப்பித் தலையை மூடுமாறு செய்கிறார்கள். டொரான்டோ நகரத்து ராபர்ட் சால்ட்டர் 1957-இல் முதன்முதல் செய்த அறுவை இது. தலை மிகவும் மேலேறியிருந்தால் தொடையெலும்பைச் சிறிது குறைத்து அழுத்தத்தைத் தணிக்கிறார்கள். வயது ஏற ஏறக் கத்தியின் வேலை பெருகுகிறது, பயனோ குறைகிறது.

இறுதி ஆண்டுகள்

லோரன்சின் முதுமை எளிதாக இருக்கவில்லை. முதல் உலகப் போர் பேரரசைச் சிதைத்தது. பின்வந்த பண வீழ்ச்சியில் அவர் சேமித்ததெல்லாம் கரைந்தது. 1921-இல், 67 வயதில், மீண்டும் நியூயார்க் சென்று ஏழைக் குழந்தைகளைப் பார்க்கத் தொடங்கினார். அங்குள்ள மருத்துவர் சிலர் எதிர்த்தனர். நோயாளிகளோ வாயிலில் திரண்டு நின்றனர். அதன் பின்னரும் பலமுறை அமெரிக்கா சென்றுவந்தார்.

இரண்டாம் போர் அவருக்கு இன்னும் கொடியதாயிற்று. படையில் மருத்துவராக இருந்த கொன்ராட் 1944-இல் சோவியத்துப் படையிடம் சிறைப்பட்டார். மகனின் வரவை எதிர்நோக்கியிருந்த தந்தை 1946-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் ஆல்டன்பர்க்கில், 91 வயதில் கண்மூடினார். மகன் வீடு திரும்பியது 1948-இல்.

அத்தையின் இடுப்பு

எங்கள் வீட்டுக் குழந்தை மூன்று மாதம் வார்ப்பட்டை அணிந்திருந்தாள். கத்தியும் படவில்லை, மாவுக்கட்டும் வேண்டியிருக்கவில்லை. சென்ற மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். சாய்வில்லாத நடை.

விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது அத்தையிடம் லோரன்சின் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தமக்கு எந்த வயதில் அதைச் செய்திருக்க வேண்டும் என்று கேட்டார். பால் குடிக்கும் பருவத்திலேயே கண்டிருந்தால் நலம், நடக்கத் தொடங்கிய பின்பும் சில ஆண்டுகள் வழி இருந்தது என்றேன். அவர் பிறப்பதற்கு முன்பே சால்ட்டர் தம் அறுவையைச் செய்துகாட்டிவிட்டார் என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனார். அந்த நடையை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்ததுபோல் இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குளிர்நாடுகளில் குழந்தையின் கால்களை நேராக நீட்டித் துணியால் இறுகச் சுற்றும் பழக்கம் இந்நோயை மிகுவிக்கிறது. நம் தாய்மார் குழந்தையை இடுப்பில் வைக்கும்போது அதன் கால்கள் அகன்று மடங்கித் தாயின் உடலைப் பற்றிக்கொள்கின்றன. பாவ்லிக் தம் வார்ப்பட்டையால் தேடிய நிலைக்கு இது நெருங்கியது. மூட்டு வளர ஏற்றது. என் அக்காவையும் என்னையும் அவ்வாறு இடுப்பில் தூக்கிச் சுமந்தவர் எங்கள் அத்தைதான். அந்தச் சாய்ந்த இடுப்பில்தான்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டை விட்டு நெடுந்தொலைவில் படிக்கிறோம். நம் வீடுகளில் அக்காமாருக்கும் அண்ணிமாருக்கும் குழந்தைகள் பிறக்கின்றன. தொலைபேசியில் பேசும்போது, குழந்தையின் இடுப்பை மருத்துவர் பார்த்தாரா என்று ஒரு சொல் கேளுங்கள். குடும்பத்தில் எவரேனும் சாய்ந்து நடப்பவர் இருந்தால், வெட்கப்படாமல் அதை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அன்று என் தந்தையார் தயங்கித் தயங்கிச் சொன்ன அந்த ஒரு சொல்லால்தான், அந்த அம்மையார் மூன்றாம் முறையும் குழந்தையின் தொடையை மடக்கிப் பார்த்தார்.